ஒன்பதாம் விதியை எழுதியவர்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. இப்போது தரவுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செந்தில் பேசினார். புதிதாக ஒரு மென்பொருள் வரப்போகிறதாம். கிராமங்களிலிருந்து வரும் பதிவுகளில் எது சந்தேகத்துக்குரியது என்று அதுவே கற்றுக்கொண்டு அதுவே சொல்லிவிடுமாம். "இனிமே நாம உக்காந்து விதி எழுத வேணாம் சார். பழைய பதிவை எல்லாம் போட்டா மிஷினே கத்துக்கும்" என்றார். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறார்கள். அதில் நானும் என் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார்.

"அந்த மிஷின் தப்பு பண்ணினா யார் பேரைப் போடுவீங்க?" என்று கேட்டேன்.

செந்தில் சிரித்தார். "நீங்க இன்னும் அந்த ஒம்பதாம் விதியை விடலையா சார்?"

விடவில்லைதான். ஓய்வு பெற்று, சந்தவாசலில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகும், ஜவ்வாது மலைப்பக்கம் மேகம் இறங்கினால் எனக்கு ஒரு பாறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இளையவர்களுக்கு அறிவுரை எழுதும் யோக்கியதை எனக்கில்லை. நடந்ததை எழுதுகிறேன். வேண்டியதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

என் சொந்த ஊர் வாணியம்பாடி. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். கட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை அவர் படிக்கவே மாட்டார். கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு தோலை உருவி, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். அந்த வாசனைக்குப் பயந்து நான் கல்லூரிக்கு ஓடினேன். புள்ளியியல் படித்தேன், தேர்வு எழுதினேன், அரசாங்கத்தில் புள்ளியியல் ஆய்வாளர் ஆனேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வேலை கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை. எந்த வயல் என்பதை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. எண்கள் தாறுமாறாகக் கிடக்கும் ஒரு அட்டவணை கொடுப்பார்கள். அதில் எந்த எண் வருகிறதோ அந்த சர்வே எண்ணுக்குப் போக வேண்டும். வயலுக்குள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதையும் அட்டவணைதான் சொல்லும். நடந்து, முளை அடித்து, கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். கயிற்றின் மேல் சாய்ந்து நிற்கும் பயிருக்கு வேர் உள்ளே இருந்தால் உள்ளே, வெளியே இருந்தால் வெளியே. இவ்வளவு பார்த்துச் செய்கிற வேலையில் ஒரே ஒரு தடவை, வந்த எண் ஓடைக்கு அந்தப் பக்கம் என்பதால், இந்தப் பக்கத்து வயலில் அறுத்து எடை போட்டு அந்தப் பக்கத்து எண்ணை எழுதிவிட்டேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பொய் இன்றைக்கும் ஏதோ ஒரு சராசரிக்குள் சௌகரியமாகப் படுத்திருக்கும். இதை இப்போதுதான் முதல் தடவையாக வெளியே சொல்கிறேன்.

இப்படியே ஊர் ஊராகப் பல வருஷம் போனது. பிறகு என்னை மாவட்ட அலுவலகத்தில் புதிதாகத் தொடங்கிய தரவுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் எல்லாத் துறைகளின் களப்பணியாளர்களும் போனில் பதிவு செய்ய ஆரம்பித்திருந்தார்கள். அங்கன்வாடியில் குழந்தைகளின் எடை, பள்ளியில் வருகை, செவிலியர் போய் வந்த வீடுகள், நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள், ரேஷன் கடையின் இருப்பு எல்லாம் ஒரே திரையில் வந்து விழும். ஊருக்கு ஒரு புள்ளி. ஒழுங்காக இருந்தால் பச்சை, சந்தேகம் என்றால் சிவப்பு. அதற்கு நாங்கள் 'பலகை' என்று பெயர் வைத்திருந்தோம். முதல் நாள் அதைப் பார்த்தபோது சாப்பிடப் போகவே மறந்துவிட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம் அறுத்துவிட்டு அந்தப் பக்கம் என்று எழுதுகிறவனை இனி உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துவிடலாமே என்று ஒரே சந்தோஷம்.

செந்திலுக்குக் கணினி தெரியும், கிராமம் தெரியாது. எனக்குக் கிராமம் தெரியும். "எதைச் சந்தேகம்னு வெச்சுக்கலாம் சார்?" என்று அவர் கேட்க, நான் சொல்லச் சொல்ல, பதினான்கு விதிகள் எழுதினோம். அதில் ஒன்பதாவது முழுக்க முழுக்க என்னுடையது. அடிவாரத்துக்குக் கீழே ஒரு ஊரில் ஒரு ஆள் நாலைந்து பேருடைய போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, டீக்கடையில் உட்கார்ந்து, போண்டா தின்றுகொண்டே எல்லாருக்கும் பதிவு போட்டதை நானே கண்ணால் பார்த்திருந்தேன். அந்த எரிச்சலில் எழுதிய விதி அது. மூன்று துறைகளுக்கு மேல் பதிவுகள் ஒரே இடத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் வந்து சேர்ந்தால், அவை களத்துக்குப் போகாமல் எழுதியவை. 'எழுதியவையாக இருக்கலாம்' என்றுகூட நான் போடவில்லை.

சிவப்பான பதிவுகளுக்கு உரிய பணியாளரின் பெயர், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய இணையப் பக்கத்தில் ஏறும். கூடவே மாதக் கடைசியில் அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ போகும். மூன்று மெமோ சேர்ந்தால், மதிப்பூதியத்தில் இருக்கிறவர்களை நீக்கிவிடலாம். எல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும் என்று அந்தக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவர்களில் நானும் ஒருவன்.

பலகை ஓட ஆரம்பித்த பிறகுதான் நித்யா மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். என் மூத்த மகளைவிட ஒரு வயது சின்னவர். கோப்பை நின்றுகொண்டேதான் படிப்பார், அதுவும் ஜன்னலோரம். உட்கார்ந்து படித்தால் கையெழுத்துப் போடத் தோன்றிவிடுமாம். யார் செய்தது என்று சொல்லாத வரி ஒன்று இருந்தாலும் கோப்பு திரும்பி வந்துவிடும்.

"மெமோ அனுப்பப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்க. யார் அனுப்பினது?"

"சிஸ்டம் தானாவே அனுப்பிடும் மேடம்."

"தானா ஒண்ணும் நடக்காது சார். யார் சொல்லி அது அனுப்புது?"

நாங்கள் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்வோம். கேன்டீனில் டீ ஆறிப்போயிருந்தால், "தானா ஆறிச்சா, யாராவது ஆத்தினாங்களா?" என்று செந்தில் கேட்பார். நான்தான் பலமாகச் சிரிப்பேன்.

ஐப்பசி மழை விட்ட சமயம், மலையில் ஒரு சிவப்புப் புள்ளி என் கண்ணில் பட்டது. ஊர்ப்பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், நெல்லிக்கொல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் முப்பது வீடு. வேடிக்கை என்னவென்றால், புள்ளி ஊரில் இல்லை. ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, காட்டுக்கு நடுவில் இருந்தது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிலும் பச்சை, நடுவில் நகக்கண் அளவு சாம்பல் நிறம். அங்கே வீடு கிடையாது, டீக்கடை கிடையாது, பாதைகூடத் தெரியவில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து ஏறக்குறைய தினமும் மாலை நாலே முக்கால் சுமாருக்கு ஐந்து துறைகளின் பதிவுகள் வந்துகொண்டிருந்தன. மூன்று மாதமாக அதே இடம், அதே நேரம். போண்டா தின்பதற்கு யாராவது தினமும் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் போவார்களா? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அந்த வாரமே நித்யா மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். எழுதியவர் மல்லிகா. நெல்லிக்கொல்லை அங்கன்வாடிப் பணியாளர். அந்த ஊரிலேயே பிறந்து, பிளஸ் டூ முடித்து, அந்த ஊரிலேயே வேலைக்கு வந்தவர். தினமும் பதிவு போடுகிறவர் என்பதால் அதிகமான சிவப்பு அவர் பேரில்தான் சேர்ந்திருந்தது. இரண்டு மெமோ போய்விட்டது. மாதக் கடைசியில் மூன்றாவது போனால் வேலை போய்விடும்.

"ஐயா, விதி 9-ன்படி நான் பொய்ப் பதிவு செய்ததாக மெமோவில் உள்ளது. விதி 9 என்ன என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர் அம்மாவுக்கும் தெரியவில்லை. படவேட்டில் பூக்கடை வைத்திருக்கும் என் நாத்தனார் என் பெயரைப் போனில் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் பேசுகிறார்கள் என்று அழுகிறார். நான் செய்த தப்பு என்ன என்று சொன்னால் விளக்கம் எழுதுகிறேன்."

படித்து முடித்து நிமிர்ந்தேன். மேடம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"இவங்களை உலகமே பாக்குது. நம்மளை இவங்களால பாக்க முடியல. சரிதானே கரீம் சார்?"

கடிதத்தை மடித்தேன். எனக்குச் சுருக்கென்றது.

"விதி உங்களோடது. நீங்களே போய்ட்டு வாங்க. விசாரணையை ஊர் முன்னாடி வெச்சு நடத்துங்க. பேசினதை அவங்க ஆளையே எழுதச் சொல்லுங்க."

பஸ்ஸில் மலை ஏறி, அப்புறம் ஜீப்பில் கொஞ்ச தூரம் போய், மீதியை நடந்தேன். ஊருக்குள் போகாமல் நேராக அந்தப் புள்ளியைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். வழியில் நாற்பது ஐம்பது மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் டிபன் கேரியர் அடுக்கு மாதிரி ஏதோ ஒரு தகர டப்பா. பாறை எங்கே என்று கேட்டேன்.

"டவர் பாறையா? அங்கதான் போறேன். கூட வாங்க. நீங்க இன்னா, போன் கம்பெனியா?"

"இல்லீங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கம்."

"அப்டியா. வாங்க வாங்க."

நடந்துகொண்டே விவரம் கேட்டேன். நெல்லிக்கொல்லையில் மாட்டு முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வீடு, ஊர் மாடு முழுவதையும் மேய்த்து வர வேண்டும். முப்பது வீட்டுக்கும் முறை சுற்றி வர ஒரு மாதம். மேய்ச்சல் முடிந்து திரும்பும்போது இந்தப் பாறையைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த வட்டாரத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் அதுதான். ஆகவே அன்றைக்கு யாருக்கு மாட்டு முறையோ அவருக்கே போன் முறையும். ஊரிலுள்ள போன்களை எல்லாம் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

"உங்க பேர் இன்னாங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளையன். ஊர்க்கவுண்டரு நாந்தான்."

"ஊர்த் தலைவருக்கும் முறை உண்டா?"

"மாட்டுக்குத் தெரியுமா சார், யாரு கவுண்டருன்னு?"

பாறை யானை முதுகு மாதிரி வழுவழுவென்று இருந்தது. வெள்ளையக் கவுண்டர் உச்சியில் டப்பாவை வைத்து மூடியைத் திறந்தார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு போன் 'டிங்' என்றது. இன்னொன்று. அப்புறம் எல்லாம் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. காலையில் ஊரில் போட்ட பதிவுகள் எல்லாம் சிக்னலுக்காகப் போனுக்குள் காத்திருந்து, இங்கே வந்ததும் கிளம்பிப் போகின்றன. எங்கள் செயலியோ, எடை போட்ட இடத்தை விட்டுவிட்டு, பதிவு கிளம்பிய இடத்தைக் குறித்துக்கொள்கிறது. இதைக்கூட விசாரிக்காமல்தான் நான் விதி எழுதியிருக்கிறேன்.

என் போனை எடுத்துப் பலகையைத் திறந்தேன். நாலே முக்கால். நான் நின்றிருந்த இடத்தில், என் காலடியில், புள்ளி சிவப்பானது.

"இன்னா சார், மொகம் இப்படி ஆயிடுச்சு?" என்றார் கவுண்டர்.

"ஒண்ணுமில்லீங்க. ஏறினது மூச்சு வாங்குது" என்றேன்.

மறுநாள் காலை அங்கன்வாடி வாசலில் ஊர் கூடியது. மல்லிகா ஒல்லியாக, நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். பள்ளி ஆசிரியர் பேச்சை எழுத உட்கார்ந்தார். விதி என்ன என்பதை முதலில் படித்துக் காட்டினேன். யாரோ ஒரு பெண் சிரித்தார். "அப்டின்னா மாடு மேய்க்கறது தப்பா?" என்றார்.

போன் எல்லாம் ஒன்றாகத்தான் போகிறது என்பதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டேன். மல்லிகா உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்தார். ஒரு தடவை ஒரு போன் காணாமல் போய்ச் சண்டையாகிவிட்டதாம். அதிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். நாள், முறைக்காரர் பெயர், போன போன் எத்தனை, வந்த போன் எத்தனை, பாறைக்குப் போன நேரம், கையெழுத்து அல்லது கைநாட்டு. எத்தனையோ அலுவலகப் பதிவேடுகளைப் பார்த்தவன் நான். இவ்வளவு சுத்தமான ஒன்றைப் பார்த்ததில்லை.

நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த சர்வர் நேரங்களை ஒரு பக்கமும் நோட்டை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தையும் வரிவரியாக டிக் போட்டேன். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நோட்டில் 'மழை, போகல' என்று எழுதியிருந்த நாட்களில் சர்வரிலும் ஒன்றும் வரவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை இடித்தது. நோட்டில் 'மழை, போகல.' சர்வரில் மாலை ஐந்து பத்துக்கு, அதே பாறையிலிருந்து, ஒரே ஒரு பதிவு. மல்லிகாவுடையது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வரியும் பொருந்தியிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். ஒரு கட்டுக்குள் அத்தனை தோலும் ஒரே மாதிரி இருந்தால் அத்தா அதைத் தொடவே மாட்டார். ஆகவே பொருந்தாத அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த ஆர்வத்தில், இதை மல்லிகாவிடம் தனியாகக் கேட்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"இந்தச் செவ்வாய்க்கிழமை யாருமே பாறைக்குப் போகலைன்னு நோட்டுல இருக்கு. உங்க பதிவு மட்டும் அங்கேர்ந்து எப்படிம்மா வந்தது?"

மல்லிகா கவுண்டரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஆசிரியரின் பேனா நின்றுவிட்டது. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. முந்தின வருஷம் அந்தப் பாறையில் இடி விழுந்து இரண்டு மாடு செத்து, ஒருவருக்குக் கை வெந்திருக்கிறது. அதிலிருந்து மழை நாளில் பாறைக்கு யாரும் ஏறக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மீறினால் அவர்கள் போன் ஒரு மாதம் பையில் ஏறாது. உண்மையைச் சொன்னால் ஊரிடம் மாட்டுவார், சொல்லாவிட்டால் என்னிடம் மாட்டுவார். இரண்டு பக்கமும் அடைத்து நடுவில் அவரை நிறுத்தியது நான்தான்.

"நாந்தான் சார் போனேன்" என்றார் மல்லிகா. "தோ, இந்தப் பொண்ணுக்குத்தான்."

வாசலில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று சத்துமாவு உருண்டையை முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றுகொண்டிருந்தது.

"அன்னிக்கு காலைல எடை எடுத்தேன். கைல அளவு நாடா சுத்திப் பாத்தேன், ஒடம்பு ரொம்ப மோசம்னு சிவப்புல வந்துச்சு. பால் ஊத்தினாக்கூட முழுங்கல. மெசேஜ் போய்ச் சேந்தாத்தான் சார் ஆஸ்பத்திரிலருந்து வண்டி அனுப்புவாங்க. மழை விடும், விடும்னு பாத்துக்கினே இருந்தேன். விடல. போனை எத்துக்கினு ஓடிட்டேன். மேல இடி இடிச்சிக்கினேதான் இருந்துச்சு. குனிஞ்சிக்கினே நின்னு அனுப்பிட்டு வந்தேன். மறுநாள் வண்டி வந்துச்சு. ஊர்ல யாருக்கும் சொல்லல."

குழந்தையின் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தனியாக வந்ததால் அந்த ஒரு பதிவை மட்டும் என் விதி பொய் என்று சிவப்படிக்கவில்லை. ஆனால் மூன்றாவது மெமோ போயிருந்தால் மற்றப் பதிவுகளோடு அதுவும் ரத்தாகி, அந்தக் குழந்தையைத் தொடர்ந்து பார்ப்பதும் நின்றிருக்கும்.

வெள்ளையக் கவுண்டர் எழுந்தார். "நல்ல காரியம்தாம்மா பண்ணியிருக்க. ஆனா கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். இன்னிக்கு உன்ன விட்டா, நாளைக்கு எவனாவது பாட்டு கேக்க மழைல ஏறுவான். ஒரு மாசம் உன் போனு பைல ஏறாது."

"தெரியும்ணா. நானே எத்துக்கினு போறேன்" என்றார் மல்லிகா.

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "சார், எங்க விதிய மீறுனதுக்கு இவளுக்கு ஒரு மாசம் போட்டுட்டோம். உங்க விதிய தப்பா எழுதி இவ பேரை ஊரெல்லாம் போட்டாரே, அவுருக்கு இன்னா தண்டனைங்க?"

சத்தமில்லாமல்தான் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. "மேலிடத்துல சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதினேன். மல்லிகா மேல் தவறில்லை, மெமோக்களை ரத்து செய்யலாம், எடை போடும் இடத்தையே செயலி குறிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் காரணத்தோடு முதலில் உரியவருக்குத்தான் போக வேண்டும், அவர் பதில் சொல்லும்வரை பெயர் வெளியே ஏறக் கூடாது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன். மேடம் நின்றபடியே படித்தார். ஆசிரியர் எழுதிய ஆறு பக்கத்தையும் இணைப்பிலிருந்து எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார்.

"அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் எங்க?"

"எந்தக் கேள்வி மேடம்?"

"தண்டனை இன்னான்னு கேட்டிருக்காரே."

அறிக்கையில் நான் விட்டுவிட்ட ஒரே வரி அது. மேடம் கோபப்படவில்லை. இனி ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் அது என்ன, ஏன், எழுதியவர் யார், எப்போது திருத்தியது எல்லாம் பொதுப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

"மேடம், எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு."

"மல்லிகாவுக்கு எத்தனை வருஷம் இருக்கு சார்?" என்று கேட்டுவிட்டு, "நான் கட்டாயப்படுத்தல. யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார்.

மெமோக்கள் அன்றே ரத்தாயின. ஒன்பதாம் விதியையும் நிறுத்தினோம். நான் மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தேன். சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள், கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஆனால் பலகையைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. நெல்லிக்கொல்லையின் பதிவுகள் வழக்கம்போல நாலே முக்காலுக்கு மொத்தமாக வந்தன. மல்லிகாவின் பதிவு மட்டும் அதில் இருக்காது. அதற்கு முன்பே, மதியம் மூன்று மணி வாக்கில், தனியாக வந்துவிடும். மையத்தை மூடிவிட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்து, அந்த வழுக்குப் பாறையில் ஏறி, போனைத் தூக்கிப் பிடிக்கிறார் என்று அர்த்தம். மழை பெய்தால் வராது. மறுநாள் இரண்டு நாள் பதிவும் சேர்ந்து வரும். எத்தனையோ வருஷமாகத் திரையிலும் தாளிலும் எண்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எண்ணுக்குப் பின்னால் ஒருவர் மூச்சிரைக்க நடப்பதை அந்த மாதம்தான் பார்த்தேன். தினமும் மூன்று மணிக்கு எனக்கு டீ இறங்கவில்லை.

இருபத்து நாலாம் நாளோ என்னவோ, மேடம் அறைக்குப் போய், "பேரைப் போட்டுடுங்க மேடம்" என்றேன். செந்திலே தட்டச்சு செய்தார். 'விதி 9. எழுதியவர்: கரீம், புள்ளியியல் ஆய்வாளர். களத்தை விசாரிக்காமல் எழுதியதால் தவறாகிவிட்டது. நிறுத்திவிட்டோம்.' 'எழுதியதால்' என்ற இடத்தில் செந்தில் கொஞ்சம் நாசூக்காக ஏதோ போடப் பார்த்தார். நான் வேண்டாம் என்றேன்.

ஒரு வாரம் கழித்து, மாலை நாலே முக்காலுக்கு ஒரு அழைப்பு வந்தது. பின்னால் காற்றும் மாட்டு மணியும் கேட்டன.

"பாய் சாரா? வெள்ளையன் பேசறேன். இன்னிக்கு என் முறை, பாறை மேல கீறேன்."

"சொல்லுங்க கவுண்டரே."

"உங்க பேரைப் பாத்தோம். வாத்தியாரு படிச்சாரு. அன்னிக்கு எங்க கூடவே மாடு ஓட்டிக்கினு வந்தீங்க, எங்க கூடவே குந்திக்கினு இருந்தீங்க. நாந்தான்னு ஒரு வார்த்த சொல்லலியே சார்."

"பயமா இருந்துச்சுங்க" என்றேன். வேறு பொய் எதுவும் வரவில்லை.

"இன்னா பயம்? நாங்க இன்னா கட்டி வெச்சா அடிப்போம்?" என்றார். இடையில் ஒரு மாட்டை அதட்டினார். "சரி, ஊர்ல பேசிட்டோம். மல்லிகாவுக்கு ஒரு மாசம்னா உங்களுக்கும் ஒரு மாசம். நீங்க கூப்ட்டா எங்க ஊர்ல யாரும் போன எடுக்க மாட்டோம்." வைத்துவிட்டார்.

முதலில் சிரித்தேன். மேடத்திடம் சொன்னபோது அவரும் சிரித்தார். ஆனால் எடை போடும் இடத்தையே குறிக்கும்படி திருத்திய செயலி பாறையில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. தினமும் நாலே முக்காலுக்கு மல்லிகாவின் எண்ணைப் போடுவேன். மணி அடிக்கும், அடித்துக்கொண்டே இருக்கும். டப்பாவைச் சுற்றி மாடுகள் நிற்பதும், முறைக்காரர் என் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் எனக்குக் கண்ணுக்குத் தெரியும். முப்பது வீட்டில் ஒருவர்கூட எடுக்கவில்லை. மல்லிகாவின் மாதம் முடிந்து அவர் பதிவும் மற்றதோடு சேர்ந்து நாலே முக்காலுக்கு வர ஆரம்பித்துவிட்டது. புள்ளி பச்சையாகவே இருந்தது.

கடைசி நாள் முடிந்து, மறுநாள் நாலே முக்காலுக்கு மறுபடி போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். முறை சுற்றி வந்து, அன்றைக்கும் வெள்ளையக் கவுண்டர்தான்.

"இன்னா பாய் சார், நாளை எண்ணிக்கினே இருந்தீங்களா?"

"ஆமாங்க" என்றேன். "ஒரு நாள் விடாம."